ஆமைக்குக் கண்ணாடிப் பெட்டி

மார்ச் 4, திங்கள்

ஆமை இந்த வாரமும் டாக்டர் மேஜையிலேயே தங்கிவிட்டது. தொடர்ந்து மூன்றாவது வாரம். எங்கள் தளத்துக்கே இது சாதனை என்று யாரோ சொல்ல, எல்லோரும் மேஜையைத் தட்டிச் சிரித்தார்கள். நானும் தட்டினேன். தட்டுகிற வழக்கத்தை ஆரம்பித்து வைத்ததே நான்தானே.

அவர் நிஜ டாக்டர் இல்லை. எங்கள் தளத்தில் எனக்குக் கீழே பன்னிரண்டு பேர் நாள் முழுக்க போனில் பேசி முதலீட்டுத் திட்டங்கள் விற்கிறார்கள். மற்றவர்கள் சட்டென்று முடிக்கிற பேச்சை இவர் ஜவ்வாக இழுப்பார். கடைசியில் அந்தப் பக்கம் இருப்பவர் திட்டம் வாங்கியிருக்க மாட்டார். முழங்கால் வலி, சர்க்கரை, மருமகளோடு மனத்தாங்கல் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்திருப்பார். அதனால் டாக்டர்.

ஆமை ஒரு பச்சை ரப்பர் பொம்மை. உள்ளங்கை அளவு. அமுக்கினால் ஈனஸ்வரத்தில் ஒரு சத்தம் போடும். போன வருஷம் நான் வாங்கியது. வார விற்பனையில் யார் கடைசியோ, திங்கட்கிழமை காலை அவர் மேஜையில் ஆமை ஏறும். புதன்கிழமை எல்லோருக்கும் வீட்டிலிருந்து வேலை. அன்று ஆமையையும் வீட்டுக்கு எடுத்துப்போய், முதுகுக்குப் பின்னால் கேமராவில் தெரிகிற மாதிரி, முகம் முன்னால் பார்க்க வைக்க வேண்டும். அதுவும் என் விதிதான். விளையாட்டாக ஆரம்பித்தது. ஆமை வந்த பிறகு நாற்பது கிளைகளில் எங்கள் கிளை முதலிடத்துக்கு வந்துவிட்டது. விளையாட்டை யார் நிறுத்துவார்கள்?

மதியம் தலைமை அலுவலகத்திலிருந்து பெரியவர் கூப்பிட்டார். கிளைத் தலைவர்கள் நாற்பது பேருக்கும் மேலே இருப்பவர்; கூப்பிட்டால் எழுந்து நின்று பேசுகிற பழக்கம் எனக்கு இன்னும் போகவில்லை. இருபத்திரண்டாம் தேதி தலைவர்கள் கூட்டத்தில் நான் பேச வேண்டுமாம். தலைப்பு: ‘ஊழியர்களை ஓட வைப்பது எது?’

“அந்த ஆமை விஷயத்தச் சொல்லும்மா. எல்லாக் கிளைக்கும் கொண்டு போயிடலாம்” என்றார். மண்டலப் பொறுப்பு காலியாக இருப்பதையும் போகிற போக்கில் காதில் போட்டார்.

வீட்டில் பேச்சைப் பற்றிச் சொன்னேன். ஆமையைப் பற்றிச் சொல்லவில்லை. இதுவரை சொன்னதே இல்லை. ஏன்? மகள் ஏதாவது கேட்பாள். பிளஸ் டூ படிக்கிறவள், வாயைத் திறந்தால் வக்கீல்.

மார்ச் 6, புதன்

வீட்டிலிருந்து வேலை. காலைக் கூட்டத்தில் பன்னிரண்டு கட்டங்களிலும் பன்னிரண்டு முகங்கள். டாக்டர் கட்டத்தில் ஆமையைக் காணோம். அவர் தோள்தான் தெரிந்தது. “டாக்டர், கொஞ்சம் தள்ளி உக்காருங்க. ஆமை தெரியல” என்றேன்.

அவர் காதில் விழாத மாதிரி இருந்தார். மறுபடி சொன்னேன். தள்ளி உட்கார்ந்தார்.

பின்னால் அலமாரியில், நட்ட நடுவில், ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே சிவப்பு வெல்வெட் துணி விரித்து, அதன் மேல் ஆமை! பன்னிரண்டு கட்டமும் குலுங்கியது. பட்டாசு என்று நாங்கள் கூப்பிடும் பெண்ணுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. டாக்டர் மட்டும், தூசி படுகிறதென்று மாமனார் செய்துவைத்ததாக ஏதோ முனகினார். உடனே அவர் கேமரா அணைந்தது. நெட்வொர்க் சரியில்லையாம்.

ஆமைக்கு எதற்குக் கண்ணாடிப் பெட்டி? மனுஷன் என்னைக் கிண்டல் செய்கிறாரா?

மார்ச் 9, சனி

பேச்சு எழுத உட்கார்ந்தேன். எங்கள் தளத்தில் யாரை எது ஓட வைக்கிறது என்று ஒவ்வொருவராக யோசித்தேன். சம்பளம் எல்லோருக்கும்தான், அது ஆளை வாசல் வரைக்கும் கூட்டிவரும். அதற்கப்புறம்? ஒருத்தருக்கு வீட்டுக் கடன். பட்டாசுக்கு, அவளை வேண்டாம் என்று சொன்ன பழைய கம்பெனிக்கு முன்னால் ஜெயித்துக் காட்ட வேண்டும். ஒருத்தனுக்கு ஒன்றுமே இல்லை, போட்டி என்றால் போதும், சொந்த நிழலோடு கூட ஓடுவான். டாக்டருக்கு? தெரியவில்லை. இத்தனை நாள் பக்கத்தில் இருந்தும் தெரியவில்லை.

எனக்கு? கடைசியாக வந்துவிடக் கூடாது என்கிற பயம். அது மட்டும்தான். அந்தப் பயத்தைத்தான் பச்சை ரப்பரில் வாங்கி வந்து மற்றவர்கள் மேஜையில் வைத்தேன் போலிருக்கிறது. இதைப் பேச்சில் எழுத முடியாது.

எழுதிய முதல் வரி: ‘சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்ளும் தோல்விதான் சிறந்த ஊக்கம்.’ நன்றாகத்தான் இருக்கிறது.

மார்ச் 11, திங்கள்

இந்த வாரம் கடைசி, பட்டாசு. ஆமை கை மாற வேண்டும். டாக்டர் வெறுங்கையோடு நின்றார். வீட்டிலிருந்து எடுத்துவர மறந்துவிட்டதாம். மறந்தால் இன்னொரு வாரம் அவரிடமே இருக்கும் என்பது விதி. சொன்னேன். மனுஷன் முகத்தில் நிம்மதி!

எனக்குச் சுர்ரென்று ஏறியது. “ஒரு ஆமையக் கூட நேரத்துக்குக் கொண்டு வர முடியலையா டாக்டர்? உங்கள விட அதுவே நடந்து வந்திருக்கும்” என்றேன். எல்லோரும் மேஜையைத் தட்டினார்கள். அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே தண்ணீர் பாட்டிலை எடுத்து, மூடியைத் திறக்காமலே வாயில் வைத்தார்.

அவருக்கு என்னைவிட நான்கு வயது அதிகம். அது ஞாபகம் வந்தது, பேசி முடித்த பிறகு.

மார்ச் 16, சனி

எழுதவே கை கூசுகிறது. எழுதிவிடுகிறேன்.

இன்று குடும்ப நாள். வருஷத்துக்கு ஒரு முறை வீட்டாரை அழைத்து வந்து அலுவலகத்தைக் காட்டுவது, கேக், குளிர்பானம். என் வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. மகளுக்கு டியூஷன், வீட்டுக்காரருக்கு மருந்துக் கடை. டாக்டர் வர மாட்டார் என்று நினைத்தேன். வந்தார். முன்னால் அவர் மாமனார், நடுவில் மனைவி, கடைசியில் டாக்டர். கடைசியில் வருவதே இந்த ஆளுக்குத் தலையெழுத்து போல என்று மனசுக்குள் ஒரு ஜோக் வேறு.

மாமனார் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். குரல் முழுத் தளத்துக்கும் கேட்கும். கையில் துண்டு சுற்றிய ஏதோ ஒன்று. “மேடம் யாருங்க?” என்று கேட்டுக்கொண்டே நேராக என்னிடம் வந்தார்.

“நீங்கதானாம்மா? உங்களப் பாத்து ஒரு நன்றி சொல்லணும்னுதான் வந்தேன்.”

மேஜையில் வைத்துத் துண்டைப் பிரித்தார். கண்ணாடிப் பெட்டி. வெல்வெட். ஆமை.

“ரோலிங் கப்புனு மாப்பிள்ளை சொன்னார். ஜெயிச்சவங்ககிட்ட இருக்குமாமே. வாரா வாரம் இவர்கிட்டயே இருக்கு. ஆமை புகுந்த வீடு உருப்படாதுனு என் சம்சாரம் வாசல்லயே மறிச்சா. போடி, இது ஜெயிச்சு வந்த ஆமைன்னு நானே உள்ள கொண்டு போய் வெச்சேன். மெதுவாப் போனாலும் கடைசியில ஜெயிக்கறது ஆமைதானே? அதுக்குத்தான் ஆமைய வெச்சிருக்கீங்க. யோசிச்சுச் செஞ்சிருக்கீங்கம்மா.”

பட்டாசு கேக்கை வாயருகே வைத்தபடி நின்றாள். நான் டாக்டரைப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. மாமனார் நிறுத்தவில்லை. ஆபீஸே அவரை டாக்டர் என்று கூப்பிடுகிறதாமே, தன் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் கிடைக்காத மரியாதை என்றார். இரண்டு வருஷம் வேலை இல்லாமல் இருந்தபோது மாப்பிள்ளையைத் தான் ஒரு மனுஷனாகவே மதிக்கவில்லை என்பதையும் எல்லோர் எதிரிலும் ஒளிக்காமல் சொன்னார். “தப்பு என் மேலதான்.”

அப்புறம் செல்போனை எடுத்தார். “உங்க கையால இன்னொரு தடவ குடுங்கம்மா. ஒரு போட்டோ எடுத்துக்கறேன்.”

கொடுத்தேன். கண்ணாடிப் பெட்டியை எடுத்து, அந்த மனுஷன் கையில், பரிசு கொடுக்கிற மாதிரி கொடுத்தேன். சிரித்தேன் வேறு. அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, “தேங்க்ஸ் மேடம்” என்றார், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. பட்டாசுதான் முதலில் கை தட்டினாள். பிறகு எல்லோரும். யாரும் மேஜையைத் தட்டவில்லை. கையைத் தட்டினார்கள்.

கிளம்பும்போது டாக்டரின் மனைவி என் பக்கத்தில் ஒரு நொடி நின்றார். “போட்டோல ரொம்ப நல்லாச் சிரிச்சீங்க மேடம்.” அவ்வளவுதான். அவருக்கு எல்லாம் தெரியும்.

மார்ச் 17, ஞாயிறு

துணி துவைத்தேன், அலமாரி ஒழுங்குபடுத்தினேன், ஜன்னல் எல்லாம் துடைத்தேன். உட்கார்ந்தால் அந்த ஆளின் குரல் கேட்கிறது. யோசிச்சுச் செஞ்சிருக்கீங்கம்மா.

மார்ச் 18, திங்கள்

டாக்டரை என் அறைக்குக் கூப்பிட்டேன். மன்னிப்புக் கேட்பதற்குத்தான். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் கேட்டுவிட்டார்! மாமா இப்படி ஆபீஸுக்கே கிளம்பி வருவார் என்று எதிர்பார்க்கவில்லையாம். முதல் புதன்கிழமை மாமனார் அறைக்குள் எட்டிப்பார்த்து இது என்ன என்று கேட்டிருக்கிறார்.

“ஆபீஸ்ல குடுத்தாங்கன்னேன் மேடம். அது பொய் இல்லையே. அடுத்த வாரமும் வந்துச்சு, ஏன்னு கேட்டார். அதுக்குத்தான் ரோலிங் கப்புனு சொல்ல வேண்டியதாப் போச்சு.”

ஏழு வருஷமாக அந்த வீட்டில் இருக்கிறார். மாமனார் ஒரு நாளும் நேராக முகம் பார்த்துப் பேசியதில்லையாம். ‘உன் வீட்டுக்காரன் சாப்பிட்டானா’ என்று மகளிடம்தான் கேட்பாராம். ஆமை வந்த பிறகுதான் மாப்பிள்ளை என்று கூப்பிட ஆரம்பித்திருக்கிறார். இதைச் சொல்லும்போது டாக்டர் மேஜை விளிம்பைத் தடவிக்கொண்டே இருந்தார்.

“ஒண்ணே ஒண்ணு கேக்கறேன் மேடம். இன்னும் கொஞ்ச நாள் நானே கடைசியா இருந்துக்கறேன். அத வீட்ல வெச்சுக்க விடுங்க.”

என்னிடம் சம்பள உயர்வு கேட்டிருக்கிறார்கள், விடுப்பு கேட்டிருக்கிறார்கள், ஜன்னலோர மேஜை கேட்டுச் சண்டை போட்டிருக்கிறார்கள். கடைசி இடத்தை யாரும் கேட்டதில்லை. ‘எடுத்துக்குங்க’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

வெள்ளிக்கிழமை பேச்சுக்கு ஆமை வேண்டும், பெரியவர் அதையே மேடைக்குக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார் என்றேன். வாய் தவறி வரவில்லை. யோசித்துத்தான் சொன்னேன். மண்டலப் பொறுப்பு கண் முன்னால் நின்றது.

“சரி மேடம்” என்று எழுந்து போனார்.

மார்ச் 20, புதன்

மேடைக்கு வேறு ஆமை கிடைக்குமா என்று மதியம் இரண்டு பொம்மைக் கடை ஏறி இறங்கினேன். முயல் இருக்கிறது, யானை இருக்கிறது. அந்த மாதிரி ஆமை இல்லை.

மார்ச் 21, வியாழன்

சாப்பாட்டுப் பையில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். பெட்டி வீட்டிலேயே இருக்கிறதாம், காலியாக. தலைமை அலுவலகத்தில் எல்லாக் கிளைக்காரர்களுக்கும் காட்டப்போகிறார்கள் என்று சொன்னதும் மாமனார் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாராம். சொல்லும்போது டாக்டருக்கே லேசாகச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை.

நாளை பேச்சின் கடைசியில் உண்மையைச் சொல்லிவிடப்போகிறேன். ‘இதை நிறுத்துகிறேன், நீங்களும் ஆரம்பிக்காதீர்கள்.’ எழுதியும் வைத்துவிட்டேன்.

மார்ச் 22, வெள்ளி

சொல்லவில்லை.

ஆமையை மைக் பக்கத்தில் பிடித்து அமுக்கினேன். அந்த ஈனச் சத்தம் ஹால் முழுக்கக் கேட்டது. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரிப்பு என்பது கெட்ட சரக்கு. ஒரு தடவை கிடைத்தால் இன்னொன்று கேட்கும். அடுத்தடுத்துச் சொல்லிக்கொண்டே போனேன். கடைசிப் பக்கத்தைத் திருப்பவே இல்லை.

முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார், ஆமை வாங்குகிறவர் மனசு கஷ்டப்படாதா என்று. நல்ல கேள்வி. உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல இடம் கிடைக்காது. பெரியவர் முதல் வரிசையில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “கஷ்டமா? எங்க டாக்டர் அதுக்கு வீட்ல கண்ணாடிப் பெட்டியே செஞ்சு வெச்சிருக்கார்” என்றேன்.

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அந்த மாமனாரின் பெட்டியை, அந்த வெல்வெட்டை, நான் ஒரு கைதட்டலுக்கு விற்றுவிட்டேன். ச்சீ. என்ன ஜன்மம் நான்?

மார்ச் 25, திங்கள்

பேச்சின் வீடியோவை எல்லா ஊழியர்களுக்கும் அனுப்பிவிட்டார்கள். காலை வணக்கம் சொன்னபோது பட்டாசு என் முகத்தைப் பார்க்கவில்லை. டாக்டர் பார்த்தார். எப்போதும் போலத்தான் பார்த்தார். அதுதான் தாங்கவில்லை.

அறைக்குக் கூப்பிட்டு ஆமையை நீட்டினேன். இது இனிமேல் அவருடையது, தொலைந்துவிட்டது என்று மற்றவர்களிடம் சொல்லிக்கொள்கிறேன் என்றேன். மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன், “இந்த வாரம் எப்படிப் போகுது?” என்று வந்தது.

“வேணாம் மேடம். மாமாகிட்ட நானே சொல்லிட்டேன். வேற யாராவது வீடியோவக் காட்டறதுக்கு முன்னால.”

அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஏப்ரல் 15, திங்கள்

நாற்பது கிளைக்கும் புது ஆமை வந்தாயிற்று. கம்பெனி முத்திரை குத்தியது. எங்களுக்கு வந்ததைப் பிரிக்காமல் இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன். வருஷக் கணக்கு முடியட்டும், அப்புறம் ஆரம்பிக்கலாம் என்று தளத்தில் சொன்னேன். பெரியவருக்குத் தெரியாமல் நிறுத்தியிருக்கிறேன். தைரியம் என்று நினைத்துக்கொள்ள ஆசைதான். திருட்டுத்தனம் என்பதுதான் சரி.

தேநீர் வாங்கும் இடத்தில் டாக்டரும் நானும் மட்டும் இருந்தோம். இன்று கேட்டுவிட்டேன், மாமனார் என்ன சொன்னார் என்று.

இரண்டு நாள் ஒன்றும் பேசவில்லையாம். மூன்றாம் நாள் சாப்பிடும்போது தானாகவே சொன்னாராம். “நானும் நின்னிருக்கேன் மாப்பிள்ளை. வசூல் கம்மியானா டிப்போல எல்லார் முன்னாடியும் நிக்க வெச்சுக் கை தட்டுவாங்க. வீட்ல சொன்னதே இல்ல.” மாமியாருக்கே அன்றைக்குத்தான் தெரியுமாம்.

“இன்னும் மாப்பிள்ளைனுதான் கூப்பிடறாரா?” என்று கேட்டேன்.

“ஆமா மேடம்” என்றவர், தேநீரை ஊதிக் குடித்தார். பெட்டியில் இப்போது மாமனாரின் பழைய விசில் இருக்கிறதாம்.

மே 10, வெள்ளி

மற்றக் கிளைகள் ஆமையோடு ஓடுகின்றன. எங்கள் கிளை நடக்கிறது. பதினொன்றாவது இடம். டாக்டர் ஏழாவதோ எட்டாவதோ, அவர் அப்படித்தான். மண்டலப் பொறுப்பு வேறு ஒருவருக்குப் போயிற்று. வீட்டுக்காரர் ஆறுதல் சொன்னார். ஆறுதலுக்கு நான் தகுதியில்லை என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது?

ஆமையை வெளியே எடுத்தால் ஒரே மாதத்தில் எழுந்துவிடுவோம். தெரியும். இன்று இரண்டு தடவை இழுப்பறைச் சாவியைக் கையில் எடுத்தேன். இதையும் எழுதிவைக்கிறேன்.

ஜூலை 1, திங்கள்

தலைவர்கள் கூட்டம். பெரியவர் புதிதாக ஒன்று கொண்டுவந்திருக்கிறார்: ஊழியர்களுக்கு மட்டும் ஏன், தலைவர்களுக்கும் ஆமை. கொஞ்சம் பெரியது, பித்தளை முலாம். நாற்பது கிளையில் நாற்பதாவது, எங்கள் கிளை.

எழுந்து போய் வாங்கினேன். முப்பத்தொன்பது பேர் மேஜையைத் தட்டினார்கள். அந்தச் சத்தம் உட்கார்ந்து தட்டும்போது இவ்வளவு பெரிதாகக் கேட்காது. “நீ பெத்த பிள்ளை, நீயே வளத்துக்கோம்மா” என்றார் பெரியவர். நல்ல ஜோக். நானும் சிரித்தேன். தாகமாக இருந்தது.

ஜூலை 3, புதன்

வீட்டிலிருந்து வேலை. ஆமையைப் பின்னால் புத்தக அலமாரியில் வைத்தேன். இன்று பெரியவர் எந்த நேரம் வேண்டுமானாலும் எந்தக் கூட்டத்திலும் எட்டிப்பார்ப்பார். ஆமை அங்கே இருக்க வேண்டும்.

மகள் சார்ஜர் தேடி அறைக்குள் வந்தாள். “என்னம்மா இது, பரிசா? சொல்லவே இல்ல?” கையில் எடுத்து எடை பார்த்தாள். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். ஆமாம் என்ற வார்த்தை நாக்கு நுனியில் தயாராக நின்றது. அந்த முகத்தைப் பார்த்தால் யாருக்குத்தான் வராது? டாக்டர் அன்றைக்குச் சொன்னது எவ்வளவு சுலபமான பொய் என்று அப்போதுதான் புரிந்தது.

“இல்ல. கடைசியா வந்தவங்களுக்குக் குடுக்கறது” என்றேன்.

அவள் ஆமையை மெதுவாகக் கீழே வைத்தாள். “எவ்ளோ கேவலமா இருக்கு. யாரும்மா இதக் கண்டுபிடிச்சது?”

“நான்தான்.”

வக்கீல் கையைக் கட்டிக்கொண்டாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன், கண்ணாடிப் பெட்டி வரைக்கும், மேடை வரைக்கும். கேட்டுக்கொண்டே நின்றாள். அப்புறம் ஆமையின் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு வெளியே போனாள். கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது. முகம் முன்னால் பார்க்க வேண்டும் என்பது விதி. எழுந்து, திருப்பி வைத்தேன்.

கேமராவைப் போட்டேன். பன்னிரண்டு கட்டம். என் பின்னால் இருப்பதை எல்லோரும் பார்த்துவிட்டார்கள், தெரிந்தது. யாரும் சிரிக்கவில்லை. பட்டாசு தலையைக் குனிந்துகொண்டாள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு போன வாரக் கணக்கை ஆரம்பித்தேன்.

அப்போது, பேசுவது டாக்டர் என்று அவர் கட்டத்தின் ஓரம் ஒளிர்ந்தது. வழக்கமான தணிந்த குரல்தான்.

“மேடம், கொஞ்சம் இடது பக்கமாத் தள்ளி உக்காருங்க. தோள் மறைச்சுக்கும். தெரியாது.”

நாற்காலியைத் தள்ளிப் போட்டு உட்கார்ந்தேன்.